மூன்று பட்டை

மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை.
மலையிலிருந்து இறங்கிய போரா காற்று
படிக்கட்டுவரை என்னைத் தள்ளிக்கொண்டு வந்தது.
கதவைத் திறந்த நெரீனா கொச்சியான்சிச்
பெயரைக் கேட்கவில்லை.
"பொத்தான்காரர்தானே?" என்றார்.

பொத்தான்காரர்தான்.
போலீஸ், ராணுவம், சுங்கம், எல்லைக்காவல்,
எந்த அரசு கண்ணை மூடினாலும்
அதன் சட்டை என் வீட்டுக்கு வந்துவிடும்.
கொரிட்ஸியாவில் இரண்டு அறை நிறைய
ஆளில்லாத தோள்கள்.

சாப்பாட்டு மேசையில் ஆரஞ்சுத் தட்டை ஒதுக்கிவிட்டு
சட்டையை விரித்தார்.
கறுப்புக்கு ஒரு படி முன்னால் நின்றுவிட்ட நீலம்.
நேச நாட்டார் ட்ரியெஸ்டேயை ஆண்ட
அந்தச் சில வருடங்களின் போலீஸ்.
வெள்ளைத் தலைக்கவசமும் கரிய உடையுமாக நின்றவர்களை
ஊர் தீக்குச்சிகள் என்று கூப்பிட்டதாம்.

முதலில் மோந்து பார்ப்பேன்.
பாச்சை உருண்டை, அதற்கடியில் புகையிலை,
அதற்கும் அடியில் ஒன்றுமில்லை.
நல்லது.
புதுத்துணியைக் கிழமாக்க நினைப்பவர்கள்
தேநீரில் ஊறவைப்பார்கள்; மூக்கு சொல்லிவிடும்.
கழுத்தின் உள்மடிப்பில் வியர்வையின் மஞ்சள் கரை.
அக்குள் பிரிந்து, இரண்டு தடவை தைத்திருந்தது,
இரண்டும் வேறுவேறு கை.
பொத்தானின் முதுகில் தேய்ந்த ஆங்கில எழுத்து.
பையின் மூலையில் பஞ்சோடு பஞ்சாய் ஒரு டிராம் சீட்டு.

கடைசியில்தான் கைக்கு வந்தேன்.
மூன்று பட்டை. சார்ஜென்ட்.
ஜன்னல் பலகைகளைச் சாத்தச் சொல்லி
புற ஊதா விளக்கை அடித்தேன்.
அந்தக் காலத்துப் பருத்தி நூல் இருட்டோடு இருட்டாகக் கிடக்கும்.
இது ஓரமெல்லாம் நீலமாகப் பல்லிளித்தது.

இருமினேன். என் தொழிலில் இருமல் ஒரு கருவி.
"சட்டை அசல். பட்டை பிற்பாடு வைத்தது.
உங்கள் அப்பா சார்ஜென்ட் இல்லை, அம்மா."

"தெரியுமே," என்றார்.
"என் அம்மாவுக்கும் தெரியும்.
பெண் கேட்டுப் போன அன்று
வருங்கால மாமனார் முன்னால்
வாயில் வந்துவிட்டது.
அப்புறம் அந்தச் சொல்லை இறக்கிவைக்க
அவருக்கு இடமே கிடைக்கவில்லை.
எண்பத்தொன்றில் அவர் போன ராத்திரி
அம்மா தையல் மெஷினைத் திறந்தாள்.
இதைப் போட்டுத்தான் அனுப்புவேன் என்றாள்.
தொப்பை புகவில்லை.
சாம்பல் கோட்டில் போனார்,
இது முன்கூடத்து ஆணிக்கு வந்தது,
வெயில் அடிக்கிற பக்கம்."

விலையைச் சொன்னேன்.
பட்டைக்காகக் குறைத்திருந்தேன் என்பதையும் சொன்னேன்.
பேரம் பேசவில்லை.
உள்ளே போய் ஒரு பிளேடோடு வந்தார்.
"அசலை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.
பொய் எங்கள் வீட்டுது."

ஒவ்வொரு தையலாக அறுத்தார்.
நூல் துணுக்குகளை ஈரவிரலால் ஒற்றி எடுத்தார்.
பட்டைகளைச் சர்க்கரை டப்பாவின் மூடியில் வைத்தார்.
பட்டை இருந்த இடத்தில், வெயில் நாற்பது வருடம் தொடாத
மூன்று கரிய வளைவு.

அப்போதுதான் உறைத்தது.
இனி இதை யார் கையில் கொடுத்தாலும் சொல்வான்:
சார்ஜென்ட்டாக இருந்தவன்,
என்னவோ செய்திருக்கிறான்,
பிடுங்கிவிட்டார்கள்.
நானும் அப்படித்தான் சொல்வேன்.
சொல்லியிருக்கிறேன்.
என் பேரேட்டில் 'பதவி பறிப்பு' என்று
எத்தனை பேரை எழுதிவைத்திருக்கிறேன்,
ஒரு நிழலை மட்டும் பார்த்துவிட்டு.

ராத்திரி பேரேட்டைத் திறந்தேன்.
எண் நானூற்றுப் பன்னிரண்டு.
சட்டை, கம்பளி, அசல்.
இரு கையிலும் பட்டை நீக்கிய தடம்.
நீக்கிய காரணம் என்ற கட்டம்
அரை விரல் அகலம்தான்.
பேனாவை இரண்டு தடவை மூடித் திறந்து
மாமனார்
என்று எழுதினேன்.